பச்சோந்திக் கூண்டுக்குக் கைத்தெளிப்பானா, பம்பா?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் பத்தாவது மாடி வீடு. வரவேற்பறை மூலையில் நான்கடி உயர வலைக்கூண்டு, உள்ளே மணி பிளான்ட் கொடிகளுக்கு நடுவே ஒரு ஏமன் பச்சோந்தி. கிண்ணத்தில் நீர் வைத்தால் சீண்டாது. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே தினமும் நீர் தெளித்தாக வேண்டும். அதே கூண்டின் தலைமேல் ஒரு புறஊதா டியூபும், வெயில் காய ஒரு ஹாலோஜன் பல்பும் எரிகின்றன. நீரும் 240 வோல்ட் மின்சாரமும் ஒரு முழ இடைவெளியில் குடித்தனம் நடத்த வேண்டிய நிலை.

மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன்: செடிக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பான், பனிமூட்டக் கருவி, டைமரில் ஓடும் பம்பு. இப்போது இருப்பது பம்பு. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பனிமூட்டக் கருவியை இரண்டு மாதம் வைத்திருந்தேன். பார்க்க அழகு, வீட்டுக்கு வருகிறவர்கள் படம் எடுப்பார்கள். ஆனால் பினாங்குக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியது. அந்த நுண்பனி குடிக்கும்படியான துளியாகத் திரளாமல், டியூபின் இரு முனைகளிலும் வலையிலும் வியர்வைபோல் படிந்து நாள் முழுக்கக் காயாமல் நின்றது. தொட்டியை அடிக்கடி தேய்த்துக் கழுவாவிட்டால் வழுவழுப்பு வேறு. இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் இது வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். நான் அப்படி வைத்துப் பார்த்ததில்லை.

கைத்தெளிப்பான் மலிவு, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. குறை அதைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருநாள், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே தெளித்தேன். நீர் மேல்நோக்கிச் சிதறி வலையைத் தாண்டியது. ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம். சூடான கண்ணாடியில் முடிபோல் ஒரு கீறல் ஓடியது, மறுகணம் சில்லுகள் வலைமேல் கிடந்தன. வலை மட்டும் இல்லையென்றால் கீழ்க்கிளையில் இருந்தவன் தலையில் விழுந்திருக்கும்.

அன்றைக்குப் புரிந்தது, கேள்வி எந்தக் கருவி என்பதே அல்ல. பல்பு சூடாக இருக்கும்போது நீர் அதன் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான். பல்பு ஆறும்வரை அரைமணி நேரம் மனிதன் காத்திருக்க மாட்டான், டைமர் காத்திருக்கும். இங்கே விடிய ஏழு மணி ஆகிவிடுகிறது. பம்பு 6.15க்கு இரண்டு நிமிடம் ஓடுகிறது, விளக்குகள் 7.30க்கு எரிகின்றன. மாலை 7.30க்கு அணைகின்றன, 9 மணிக்கு மறுபடி தெளிப்பு. பகலில் தெளிப்பே கிடையாது. பம்பின் தெளிப்பு முனைகள் இரண்டும் பல்பு இருக்கும் மூலைக்கு முதுகு காட்டி, எதிர்ப்புற இலைகளை நோக்கி இருக்கின்றன.

பம்பு வாங்கினால் கவலை விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியை நான் முதலில் அலமாரியின் உச்சியில் வைத்தேன், இடம் மிச்சம் என்று. இரண்டு நாள் ஈப்போ போய்த் திரும்பினால் தரையெல்லாம் குளம். தொட்டி முனைகளைவிட உயரத்தில் இருந்ததால், பம்பு நின்ற பிறகும் நீர் தன்பாட்டுக்கு இறங்கிச் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதில் ஒரு துளி விளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, தரையில் கிடந்த நீட்டிப்புப் பலகைக்குள் நேராக இறங்கிவிட்டது. மின்பெட்டியிலுள்ள மின்கசிவுக் காப்பு தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டித்திருந்ததால் வீடு பிழைத்தது.

இப்போது தொட்டி தரையில், பலகை சுவரில் கூண்டின் உச்சியைவிட உயரமாக. ஒவ்வொரு ஒயரும் செருகிக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறுகிறது. நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், மேலே ஏறாது. பம்பு 24 வோல்ட்தான், ஆனால் அதன் அடாப்டருக்குள் போவது 240 என்பதால் அதுவும் சுவரில்தான். மின்பெட்டியில் செருகிகளுக்கான காப்பில் 30 மில்லியாம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள்.

விளக்கைக் கூண்டுக்குள்ளேயே மாட்டுகிறவர்களும் உண்டு. வலை புறஊதாக் கதிரில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பது அவர்கள் வாதம், நியாயமானதுதான். ஆனால் உள்ளே போகும் விளக்கு ஐபி 67 போன்ற நீர்க்காப்புத் தரக்குறியுடன் இருக்க வேண்டும். ஐபி 20 என்று எழுதியிருந்தால் நீருக்கு எதிராக எந்தக் காப்பும் இல்லை என்று பொருள். நான் விளக்கை வெளியே விட்டு, வெயில் காயும் கிளையை உயர்த்திக்கொண்டேன்.

பம்பின் நிரந்தரத் தொல்லை முனை அடைப்பு. அடைத்த முனை விசிறியாகத் தெளிக்காது. ஒரே தாரையாகக் கோணலாகப் பீய்ச்சும், அது பல்பை நோக்கியும் இருக்கலாம். அதனால் மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைக்கிறேன். குழாய்நீரை விட்டுவிட்டு, கீழே காசு போட்டுப் பிடிக்கும் இயந்திரத்தின் வடிகட்டிய நீருக்கு மாறிய பிறகு அடைப்பு குறைந்தது. தொட்டிக்கு இறுக்கமான மூடி கட்டாயம்: ஏடிஸ் கொசுப்புழு கண்டால் சுகாதார இலாகா 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் போடும்.

கைத்தெளிப்பானைத் தூக்கி எறியவில்லை. பம்பைக் கழுவும் நாளில் அதுதான் துணை. பல்பு அணைந்து அரைமணி ஆகும்வரை எடுக்கக்கூடாது என்று அம்மா அதன் கழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறார்.