எண்ணும் எழுத்தும் பயிற்சி: ஓர் ஈராசிரியர் பள்ளியிலிருந்து

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போய்வருகிறேன். இந்த முறை உருப்படியாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள். 32இலிருந்து 17ஐக் கழிக்க ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினார் பயிற்சி தரும் கருத்தாளர். கடன் வாங்கிக் கழிப்பதைக் கரும்பலகையில் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாத என் மூன்றாம் வகுப்புக்கு, அதேபோல நானும் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றிக் காட்டியதும் புரிந்துவிட்டது. மற்றதெல்லாம் திரையில் ஓடிய படங்கள்தான். கடைசி வரிசைக்கு அதுவும் தெரியவில்லை.

அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளைக் கற்றல் நிலைவாரியாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருக்கின்றன. மொட்டுக்குப் பாடம் நடத்தும்போது அரும்பை யார் பார்ப்பது? கேட்டேன். “சமாளித்துக்கொள்ளுங்கள் டீச்சர்” என்று பதில் வந்தது. (சமாளிக்கத் தெரிந்தால் பயிற்சிக்கு ஏன் வருகிறேன்?) சுண்டல் நன்றாக இருந்தது.

இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண். கருத்தாளர் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கே வந்து, மூன்று நிலைகளையும் ஒன்றாக வைத்து ஒரு பாடவேளை நடத்திக் காட்டட்டும். மீதி இரண்டையும் தருகிறேன்.