கணு இல்லாத ஒத்தை இலைக்குப் பத்து நாள் சம்பளத்தைக் கொடுத்து ஏமாந்தேன்: செடி வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

இன்னிக்குக் காலையிலதான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கோபத்துல கை இன்னும் நடுங்குது.

மான்ஸ்டெரா அடன்சோனி தெரியும்ல, இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா, தொங்கவிட்டா கொடியா இறங்குமே, அதுல வெள்ளையும் பச்சையும் கலந்த வெரிகேட்டட் ரகம். ரொம்ப நாள் ஆசை. ஆன்லைன்ல செடி விக்கிற ஒரு பக்கத்துல, வேர் விட்ட கட்டிங்னு (செடியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) போட்டிருந்தாங்க. விலை என்னோட பத்து நாள் சம்பளம். ரெண்டு வாரம் யோசிச்சேன்.

கடைசியில நம்பினது எதனாலன்னா, அந்தத் தம்பி கேட்ட ஒரு கேள்வியாலதான். "அக்கா, உங்க ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு? இந்தச் செடிக்கு நேர் வெயில் ஆகாது, ஆனா நல்ல வெளிச்சம் வேணும்"னு கேட்டார். கிழக்குன்னு சொன்னேன். "அப்போ ஜம்முனு வரும்க்கா"ன்னார். செடி போய்ச் சேர்ற வீட்டைப் பத்தி இவ்வளவு அக்கறையா விசாரிக்கிற ஆள் ஏமாத்துவாரான்னு நினைச்சு, அன்னிக்கே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

பார்சல் வந்துச்சு. முக்கால்வாசி வெள்ளையா ஒரே இலை, அடியில ஈரப் பாசியை உருண்டையா நூல் போட்டுச் சுத்தியிருந்துச்சு. "பாசியைப் பிரிக்காதீங்கக்கா, வேர் ஒடிஞ்சிடும், அப்படியே தொட்டியில வெச்சிடுங்க"ன்னு மெசேஜ். அப்படியே வெச்சேன்.

நாலு மாசம். மேல் மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி, திரைச்சீலை வழியா வடிகட்டின வெளிச்சம், பக்கத்துல ஈரப்பதத்துக்குத் தட்டுல தண்ணி. தினமும் காம்புக்கிட்ட மூக்கை வெச்சுப் பார்ப்பேன், துளிர் சுருண்டு எட்டிப் பார்க்குதான்னு. ஒண்ணும் வரலை. வெள்ளைப் பகுதி ஓரமெல்லாம் பழுப்பாக் கருகிடுச்சு. வெள்ளைப் பாகத்துல பச்சையமே கிடையாது, அதால சாப்பாடு தயாரிக்க முடியாது. மொத்த பாரத்தையும் அந்தக் கொஞ்சூண்டு பச்சைதான் சுமந்துச்சு, பாவம்.

கேட்டா முதல்ல "பொறுமையா இருங்கக்கா". அப்புறம் "வெரிகேட்டட் மெதுவாத்தான் வளரும்". அதுக்கும் அப்புறம் "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க, வேர் அழுகியிருக்கும்". நான் கொன்னுட்டேனோன்னு ராத்திரி தூக்கம் வராமக் கிடந்தேன்!

இன்னிக்குப் பாசியைப் பிரிச்சேன். வேர் வெள்ளை வெளேர்னு, கெட்டியா, ஆரோக்கியமா இருக்கு. ஆனா அது முளைச்சிருக்கிறது வெறும் இலைக்காம்போட வெட்டுப்பட்ட நுனியிலிருந்து. நகத்தால தடவித் தடவிப் பார்த்தேன். வழவழன்னு போய் அப்படியே முடிஞ்சிடுது. தண்டுத் துண்டு இல்லை, புதுத் துளிர் கிளம்புற கணு இல்லை, மொட்டு இல்லை. கரும்புல கணுவை விட்டுட்டு நடுத்துண்டை நட்டா முளைக்குமா? அதே கதைதான். காம்பு வேர் விடும், மாசக்கணக்குல உயிரோடயும் இருக்கும், ஆனா இன்னொரு இலை வராது. அந்த நூல் முடிச்சு எதை மறைக்கப் போட்டதுன்னு இப்போ புரியுது.

போட்டோ அனுப்பினேன். "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா? 24 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணும்". பிரிக்காதீங்கன்னு சொன்னதே நீங்கதானே தம்பின்னு கேட்டேன். பிளாக் பண்ணிட்டார். பத்து நாள் சம்பளம்ங்க! பத்து நாள் உழைப்பு, ஒரு இலைக்கு!

வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போ முடியலை, அவசரமா நாலு விஷயம். தாய்ச்செடி படம் வேண்டாம், உங்களுக்கு வரப்போற துண்டோட படத்தையே கேளுங்க, கணு தெளிவாத் தெரியணும். அந்தத் தண்டுலயும் வெள்ளைக் கோடு ஓடணும், தண்டு முழுப் பச்சைன்னா அடுத்த இலையும் பச்சையா வரத்தான் வாய்ப்பு அதிகம். முழு வெள்ளைக் கட்டிங் எவ்வளவு அழகா இருந்தாலும் தொடாதீங்க. வெரிகேட்டட் விதைன்னு யாராவது வித்தா நம்பாதீங்க. பார்சல் வந்ததும் பாசியைப் பிரிச்சுப் பார்த்துடுங்க, யார் என்ன சொன்னாலும் சரி.

இதே மாதிரி பாசி சுத்தின ஒத்தை இலை உங்க வீட்டுல இருந்தா, இன்னிக்கே பிரிச்சுப் பாருங்க.