மைக்கோனோஸ் பீச் கிளப்பில் சாய்வதற்கு முன்: ஒரு எச்சரிக்கை

2019-ல் கிரேக்கத்தின் மைக்கோனோஸ் தீவில் ஒரு கடற்கரை உணவகம் கொடுத்த மதியச் சாப்பாட்டு பில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. மொத்தம் 836 யூரோ. அதில் ஆறு தட்டு கணவாய் வறுவலுக்கு மட்டும் 591 யூரோ. "விலையெல்லாம் மெனுவிலேயே இருக்கிறதே" என்பதுதான் கடைக்காரர் சொன்ன பதில்.

அந்தப் பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். கிரேக்கத்தில் உணவகத்துக்காரர் தன் விலையைத் தானே வைக்கலாம். கணவாய்க்கு நூறு யூரோ என்று எழுதி வைத்தால் அது அநியாயம், ஆனால் குற்றமாகாது. விலையைக் காட்டாமல் விற்றால்தான் சட்டப்படி தப்பு. சாப்பிட்டு முடித்து "இவ்வளவா!" என்று கத்துவதால் ஒன்றும் நடக்காது. வாய்ப்பிருப்பதெல்லாம் உட்காருவதற்கு முன்னால்தான்.

உல்லாசக் கப்பலில் வந்து அரை நாளில் திரும்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். நாளைக்கு வந்து சண்டை போட அவர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். போதாததற்குக் காற்று வேறு. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று வீசும்போது ஃப்தெலியா போன்ற வடக்குக் கரைகளில் மணல் முகத்தில் அறையும். கூட்டம் முழுக்கத் தெற்கே ஓர்னோஸ், ப்ஸாரூ, பிளாட்டிஸ் யாலோஸ், பரகா பக்கம் ஒதுங்கும். இடம் குறைச்சல், ஆள் அதிகம். விலை ஏறுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

முதல் தூண்டில் சன்பெட், அதாவது பீச் கிளப்புகள் மணலில் போட்டிருக்கும் சாய்வுப் படுக்கை. மணலில் நடந்து போகும்போதே ஒருவர் கூப்பிடுவார்: "படுக்கைக்குக் காசில்லை, ஏதாவது குடித்தால் போதும்." இதை நம்பிச் சாய்ந்துவிட்டால் மெனு உடனே வராது. முதலில் தண்ணீர் வரும், அப்புறம் "இன்றைய ஸ்பெஷல்" வாய்வழியாக வரும். செருப்பைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பணம் வாடகையா, மினிமம் ஸ்பெண்டா? வாடகை என்றால் சாப்பாட்டு பில் தனி. மினிமம் ஸ்பெண்ட் என்றால் அந்தத் தொகைக்குள் சாப்பிட்டுக் கழித்துக்கொள்ளலாம். சில இடங்களில் இரண்டும் உண்டு. அடுத்து, அது ஒரு செட்டுக்கா, ஒரு தலைக்கா? செட் என்றால் இரண்டு படுக்கை, ஒரு குடை. "மினிமம் 100" என்பதை நீங்கள் செட்டுக்கு என்று எடுத்துக்கொள்வீர்கள், பில்லில் தலைக்கு நூறாக இருக்கும். முதல் வரிசைக்கும் நாலாம் வரிசைக்கும் ஒரே விலை கிடையாது. துவட்டும் துண்டும் சேர்ந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள். மினிமத்தில் மிச்சமானது திரும்பி வராது. அதை "நிரப்ப" கடைசியில் ஒரு ஷாம்பெயின் பாட்டிலை நீட்டுவார்கள், அது மினிமத்தைத் தாண்டி எங்கோ போய் நிற்கும்.

முன்பதிவு வாட்ஸாப்பில் நடந்தால் நல்லதுதான், எழுத்தில் இருக்கும். வரிசை, தொகை, ரத்து செய்தால் என்ன ஆகும், மூன்றையும் அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்கு முன்பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெரிய அடி விழுவது எடைபோட்டு விற்கும் பண்டத்தில். கிரேக்கத்தில் மீன் விலை கிலோ கணக்கு, இது ஏமாற்று இல்லை, ஊர் வழக்கம். நல்ல தவெர்னாவில் (கிரேக்க உணவகம்) உங்களைப் பனிக்கட்டித் தட்டு வரைக்கும் கூட்டிப்போவார்கள். நீங்கள் கைகாட்டும் மீனைக் கண்ணெதிரே தராசில் வைப்பார்கள். எடை சுத்தம் செய்வதற்கு முந்தையது. குடல், செவுள், தலை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு. ஒரு கணக்குக்கு, லவ்ராக்கி என்ற மீன் கிலோ 90 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு 600 கிராம் மீன் போதும், 54 யூரோ. "உங்களுக்கு நல்லதாக ஒன்று பார்த்து எடுத்து வருகிறேன்" என்று சர்வர் உள்ளே போய் 1.4 கிலோ மீனைச் சுட்டு எடுத்து வந்தால் 126 யூரோ. சுட்டு வந்த மீனைத் திருப்பி எடை போட முடியாது. தராசைப் பார்க்காமல் "சரி" சொல்லாதீர்கள். தராசு காட்டும் எண்ணைப் படம் எடுங்கள், எடையையும் மொத்த விலையையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிங் கிராப் கால், சிங்கி இறால் இரண்டும் இன்னும் மோசம். இவற்றின் விலை சில மெனுக்களில் 100 கிராமுக்குப் போட்டிருக்கும், அதுவும் பொடி எழுத்தில். 38 என்று பார்த்தால் ஒரு தட்டுக்குத்தான் என்று தோன்றும். ஓட்டோடு 900 கிராம் வந்தால் 342 யூரோ. சிங்கி இறால் போட்ட ஸ்பாகெட்டியும் இறாலின் எடைக்குத்தான் விலை. "இருவருக்கு எவ்வளவு கிராம் போடுவீர்கள்" என்று கேளுங்கள். உறையவைத்த பண்டத்தை மெனுவில் குறிக்க வேண்டும் என்பது விதி. கணவாய்க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று அடிக்குறிப்பையும் பாருங்கள். அன்று பிடித்தது என்று சொல்லி விற்பது பல நேரம் உறையவைத்ததுதான்.

விலைப்பட்டியல் வாசலிலும் இருக்க வேண்டும். கியூஆர் மெனு மட்டும் உண்டு என்றால் ஆர்டர் செய்யும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அதே பக்கம் அதே விலையோடு இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மெனுவே தராத இடத்தில் ஒரு காப்பிகூட வேண்டாம்.

மெனுவில் போட்ட விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். "சர்வீஸ் சேரவில்லை" என்று பில்லின் அடியில் பேனாவால் 15 சதவீதம் எழுதினால் அது வெறும் டிப்ஸ், கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கார்டு மெஷின் யூரோவா, உங்கள் நாட்டுப் பணமா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். மற்றதில் மாற்று விகிதத்தை மெஷின்காரர்கள் வைப்பார்கள், நஷ்டம் உங்களுக்கு. பின் எண் போடுவதற்கு முன் திரையில் தொகையைப் படியுங்கள். வெயிலில் திரை தெரியவில்லை என்றால் மெஷினை நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது ரசீது. மேசையில் வைக்கும் சீட்டு பல நேரம் ஆர்டர் சீட்டுதான். சட்டப்படியான ரசீதின் பெயர் அபோதிக்சி, அதில் கியூஆர் இருக்கும். அந்தப் பெயரிலேயே வரித்துறை வெளியிட்ட செயலியில் ஸ்கேன் செய்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். முறையான ரசீது தராவிட்டால் பணம் கட்ட வேண்டிய கடமை இல்லை என்று கிரேக்க மெனுக்களிலேயே அச்சடித்திருக்கும். தகராறு வந்தால் குரல் உயர்த்த வேண்டாம், "அபோதிக்சி" என்று ஒரு சொல் சொல்லுங்கள், அதற்கு மதிப்பு உண்டு.

அதற்காகப் பணம் கட்டாமல் எழுந்து போவது புத்திசாலித்தனம் இல்லை. வழக்கு உங்கள் மீதே திரும்பும். அதட்டினால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், ரொக்கம் வேண்டாம். ஆனாலும் பின் எண் போட்ட பரிவர்த்தனையை வங்கி எளிதில் திருப்பாது. மெனுப் படம், தராசுப் படம், ரசீது மூன்றும் கையில் இருந்தால்தான் வாதாடவே முடியும். சுற்றுலாக் காவல் எண் 1571, நுகர்வோர் புகார் எண் 1520. வாசல் பக்கம் புகார்ப் படிவம் வைத்திருப்பதும் கடையின் கடமை. கேட்டு வாங்கி அங்கேயே எழுதுங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வேயில் வசிப்பவர்கள் ஊர் திரும்பியபின் தங்கள் நாட்டு ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: கிரேக்கத்தில் கடலோரம் பொதுச்சொத்து. சன்பெட்டுகள் கரையை அடைத்துக்கொள்வதை எதிர்த்து 2023-ல் பரோஸ் தீவில் தொடங்கிய துண்டு இயக்கத்துக்குப் பிறகு 2024-ல் சட்டம் இறுகியது. தண்ணீரிலிருந்து நாலு மீட்டருக்குள் சன்பெட் போடக் கூடாது. அரசின் மைகோஸ்ட் செயலியில் யாருக்கு எவ்வளவு இடம் குத்தகை என்று பார்க்கலாம், மீறினால் புகாரும் போடலாம். குத்தகை இடத்துக்கு வெளியே சொந்தத் துண்டை விரிப்பவரை எழுப்ப எந்தக் கிளப்புக்கும் உரிமை இல்லை. சன்பெட்டே இல்லாத கரை வேண்டுமானால் அஜியோஸ் சோஸ்டிஸ் இருக்கிறது. குடையும் தண்ணீரும் நீங்களே கொண்டுபோக வேண்டும். ஆனால் அது வடக்குக் கரை. மெல்தெமி அடிக்கும் நாளில் போனால் குடையைக் கையில் பிடித்துக்கொண்டேதான் உட்கார வேண்டியிருக்கும்.