பாகு பூசிய மொறுமொறு கோழி: கடாயா, ஏர் ஃபிரையரா?

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது எங்கள் வீட்டில் கோழி இறக்கைகளை மொறுமொறுவென்று ஆக்கி, இனிப்பும் காரமும் கலந்த பாகில் புரட்டி எடுப்பது ஐந்தாறு ஆண்டுகளாகத் தொடர்கிற வழக்கம். முதல் சில ஆண்டுகள் இரும்புக் கடாயில் ஒரு லிட்டர் கடலை எண்ணெயை ஊற்றிப் பொரித்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக நாலு லிட்டர் கொள்ளளவுள்ள கூடை வகை ஏர் ஃபிரையரில் செய்து வருகிறேன். இரண்டில் எது மேல் என்று கேட்பவர்களிடம் தயங்காமல் ஏர் ஃபிரையரைச் சொல்கிறேன். ஆனால் நான் சொல்லும் காரணம் விளம்பரங்கள் சொல்லும் காரணம் அன்று.

எண்ணெய் குறைவு, அடுப்பருகே நின்று வியர்க்க வேண்டியதில்லை, கையில் எண்ணெய் தெறிக்காது என்பவை எல்லோரும் அறிந்தவை. மின்செலவும் பெரிதாக அச்சுறுத்துவதில்லை. 1,500 வாட் கருவி 25 நிமிடம் இடைவிடாமல் ஓடினாலும் முக்கால் யூனிட்டைத் தாண்டாது. நேரத்தைப் பொறுத்தவரை அரைக் கிலோவுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். கடாயில் எண்ணெய் காயும் நேரத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுவையில் கடாய்க்கே முதலிடம் என்பதை மறைக்க விரும்பவில்லை. காய்ந்த எண்ணெய் கறித்துண்டின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொட்டு வெப்பத்தைக் கொடுக்கிறது. காற்றால் அந்த வேகத்தில் வெப்பத்தைக் கடத்த முடியாது. ஏர் ஃபிரையர் என்ற பெயரே சற்று மிகையானது. பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லின் கண்காட்சியில் இந்தப் பெயரில் அறிமுகப்படுத்திய கருவியும் சரி, அதைப் பின்பற்றி வந்தவையும் சரி, உண்மையில் மேலே சூடேற்றும் கம்பிச் சுருளும் அதன்மேல் வேகமான விசிறியும் பொருத்திய சின்னஞ்சிறு அடுமனை அடுப்புகளே. அதனால் பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்த மாவில் கோழியை முக்கி உள்ளே வைத்தால், எண்ணெயில் நொடியில் இறுகியிருக்க வேண்டிய மாவு கூடையின் துளைகள் வழியே ஒழுகிக் கீழ்த்தட்டில் தோசையாகிவிடும். உலர் மாவைத் தூவி வைத்தாலோ, எண்ணெய் படாத இடங்களில் மாவு வெந்தும் வேகாமலும் வெள்ளைத் திட்டுகளாக நின்று நாக்கில் ஒட்டும்.

இங்கேதான் பலரும் மனம் உடைந்து கருவியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். நானும் மூன்று ஞாயிறுகள் ஏமாந்த பிறகே, கடாயின் செய்முறையைக் கருவிக்குள் திணிப்பதுதான் பிழை என்று உணர்ந்தேன். கடாயில் மொறுமொறுப்பைத் தருவது மாவு. ஏர் ஃபிரையரில் அதைத் தர வேண்டியது தோல். எனவே கறிக்கடையில் வழக்கம்போல் தோலுரித்த கோழியை வாங்காமல் ‘வித் ஸ்கின்’ என்று கேட்டு வாங்க வேண்டும்; பெரும்பாலான கடைகளில் விலையும் சற்றுக் குறைவாகவே இருக்கும். அரைக் கிலோ இறக்கைகளைக் கழுவித் துணியால் ஈரம் போக ஒற்றி, ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃபிளவர் மாவு ஆகியவற்றைப் பிசறி, மூடாமல் ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்துவிடுகிறேன். காலையில் எடுத்துப் பார்க்கும்போது தோல் வெளிறி, விரலால் தொட்டால் காகிதம் போலச் சரசரக்க வேண்டும். அந்த நிலை வராவிட்டால் அன்றைய கோழி சுமாராகத்தான் இருக்கும். பேக்கிங் பவுடர் தோலின் காரத்தன்மையை (மிளகாய்க் காரம் அன்று, அமிலத்துக்கு எதிரான தன்மை) சற்று உயர்த்திச் சிவப்பதை விரைவுபடுத்துகிறது. தோலின் ஈரத்தோடு சேர்ந்து நுண்குமிழ்களை உண்டாக்கி அதன் பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவை அதே அளவில் போட்டால் சோப்புச் சுவை வந்துவிடும். இதை அனுபவித்தே சொல்கிறேன்.

அதன்பின் துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி ஒரே அடுக்காகப் பரப்பி, லேசாக எண்ணெய் தடவி, முதலில் 160 டிகிரியில் 12 நிமிடம், பிறகு திருப்பிப் போட்டு 200 டிகிரியில் 10 நிமிடம். முதல் கட்டத்தில் கொழுப்பு உருகி வடிகிறது. இரண்டாம் கட்டத்தில் தோல் இறுகுகிறது. கொரிய முறையில் கடாயில் முதலில் 160 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் பொரித்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் பொரிக்கும் இரட்டைப் பொரிப்பின் தத்துவமும் இதுவேதான். எலும்பருகே வெப்பம் 74 டிகிரியைத் தாண்ட வேண்டும் என்பது கோழிக்குப் பொதுவான பாதுகாப்பு விதி. இறக்கையும் தொடையும் 80-ஐத் தாண்டினால்தான் எலும்பிலிருந்து சுலபமாகக் கழன்று வரும்.

இத்தனைக்குப் பிறகும் பாகு பூசாமல் இரண்டையும் அருகருகே வைத்துக் கடித்துப் பார்த்தால் கடாய்க் கோழியே வெல்லும். ஆனால் பாகு பூசியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. எங்கள் வீட்டில் ஒருமுறை இரண்டு விதமாகவும் செய்து, எது எதுவென்று சொல்லாமல் பரிமாறினேன். மகன் சரியாகச் சொன்னான். மனைவியும் மைத்துனரும் மாற்றிச் சொன்னார்கள். மூன்று பேரை வைத்து நடத்திய சோதனைக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பே இதற்கும் என்றாலும், காரணம் புரியக்கூடியதுதான். கடாயின் மேன்மை அதன் மாவு ஓட்டில் இருக்கிறது. அந்த ஓட்டை மென்மையாக்கி மூடுவதே பாகின் வேலை. தென் கொரியாவின் தேகு நகரில் கடை நடத்திய யூன் ஜோங்-கே என்பவரே இந்த வகைப் பாகுக் கோழியை உருவாக்கியவர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆறிப்போன பொரித்த கோழியின் கெட்டியான ஓடு சாப்பிடுபவர்களின் வாயைக் குத்துவதைக் கண்டுதான் காரப் பாகு பூசும் யோசனை அவருக்குத் தோன்றியதாம். பக்கத்து மூதாட்டி ஒருவர் சொன்னபடி மாவுச்சத்துப் பாகைச் சேர்த்த பிறகே சுவை கூடிவந்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நம் ஊர் பேக்கரிச் சாமான் கடைகளில் விற்கும் லிக்விட் குளுக்கோஸ் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. ஒரு தேக்கரண்டி சேர்த்தால் பாகு ஆறிய பிறகும் பளபளப்பு மங்குவதில்லை.

ஆக, தட்டில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றான பிறகு எனக்கு முடிவைத் தந்தது தட்டு காலியான பிறகு சமையலறையில் மிஞ்சுவது எது என்ற கேள்விதான்.

கடாய் வழியில் மிஞ்சுவது எண்ணெய். ஒரு லிட்டர் ஊற்றினால் ஏறத்தாழ முக்கால் லிட்டர் திரும்பக் கிடைக்கிறது. அடியில் கருகிய மாவுத்துகள் மண்டியாக நிற்கும். அதை வடிகட்டித் தூக்குச்சட்டியில் ஊற்றி வைத்துவிடலாம், அடுத்து என்ன செய்வது? வெள்ளி, சனி, புரட்டாசி என்று விரதம் காக்கும் அம்மா இருக்கும் வீட்டில் அந்த எண்ணெயில் அப்பளம் பொரிக்க முடியாது, வடை சுட முடியாது. தாளிக்கலாம் என்றால் சாம்பாரில் கோழி வாடை வருகிறது. இன்னொரு முறை கோழிக்கே பயன்படுத்தலாம் என்று இரண்டு வாரம் வைத்திருந்தால், மறுபடி காயவைக்கும்போது நுரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. உணவகங்களுக்கு அதை அளக்கக் கருவி உண்டு. வீட்டில் நமக்கு இருப்பது கண்ணும் மூக்கும்தான். நிறம் கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரமே புகையத் தொடங்கினால் எண்ணெயின் ஆயுள் முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

சரி, கொட்டிவிடலாம் என்றால் எங்கே? பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் முக்கால் லிட்டருக்காக எங்கள் தெருவுக்கு யாரும் வந்ததில்லை. ஒருமுறை சோம்பலில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாயிலேயே ஊற்றிவிட்டேன். ஒரே மாதத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. குழாய் வேலை பார்ப்பவர் வளைவைக் கழற்றியபோது உள்ளே மெழுகுவர்த்தி போல வெள்ளையாக ஒரு கட்டி வந்து விழுந்தது. அன்று கொடுத்த கூலியில் இரண்டு கிலோ கோழி வாங்கியிருக்கலாம். இவற்றோடு அடுப்பு மேடை, சுவர் ஓடு, சிம்னி வலை என்று எல்லாவற்றிலும் படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் சேர்த்துக்கொண்டால், ஒரு வேளைக் கோழிக்காகத் திங்கட்கிழமை காலை வரை வேலை நீள்கிறது.

ஏர் ஃபிரையரில் மிஞ்சுவது கீழ்த்தட்டில் வடிந்த இரண்டு கரண்டிக் கொழுப்பு மட்டுமே. அதைப் பழைய செய்தித்தாளில் துடைத்துக் குப்பையில் போட்டுவிடலாம். இருந்தாலும் அதற்கும் ஒரு பராமரிப்புச் சிக்கல் உண்டு, அதுவும் குறிப்பாகப் பாகுக் கோழிக்கே உரிய சிக்கல். தேனில் நிறைந்துள்ள பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை 110 டிகிரியை ஒட்டியே நிறம் மாறிச் சிவக்கத் தொடங்கும்; வெள்ளைச் சர்க்கரை 160 வரை தாங்கும். கருவியோ 200-இல் ஓடுகிறது. பாகைத் தொடக்கத்திலேயே பூசி உள்ளே வைத்தால் கோழி வேகும் முன்பே பாகு கசந்து, கூடையின் துளைகளில் தார் போல இறுகிவிடும். முதல் ஆண்டில் நான் அப்படித்தான் செய்தேன். ஒட்டியதைக் கம்பி நார் கொண்டு தேய்த்ததில் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்தது. கூடையை மட்டும் தனியாக வாங்கியதில் கருவி விலையில் கால் பங்கு போனது. கூடை அழுக்காகாமல் இருக்கப் பட்டர் பேப்பர் விரிக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கோழியை வைக்கும் முன்பே காகிதத்தை மட்டும் போட்டுக் கருவியைச் சூடேற்றினேன். விசிறிக் காற்றில் காகிதம் எழும்பி மேலேயுள்ள கம்பிச் சுருளில் ஒட்டிக்கொண்டு புகைந்தது. காகிதத்தின் மேல் கறியின் கனம் இல்லாமல் ஒருபோதும் கருவியை இயக்கக் கூடாது.

இப்போது நான் செய்வது இதுதான். கோழியைப் பாகில்லாமலேயே முழுவதும் மொறுமொறுப்பாக்கி எடுத்துவிடுகிறேன். அதன் கடைசி ஐந்து நிமிடத்தில், அடுப்பில் நான்கு பல் பூண்டை நசுக்கி வதக்கி, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி கொரிய மிளகாய் விழுது, இரண்டு மேசைக்கரண்டி தேன் அல்லது நாட்டுச் சர்க்கரை, சிறிது வினிகர் சேர்த்துக் கொதிக்கவிடுகிறேன். கொரிய விழுது கிடைக்காத நாளில் ஊறவைத்து அரைத்த காஷ்மீரி மிளகாயே போதும். குமிழ்கள் சிறியவையாக இருந்து பெரிதாகி, மெதுவாக வெடிக்கத் தொடங்கும்போது அடுப்பை அணைத்து, சூடான கோழியைக் கொட்டி இரண்டு புரட்டு. அவ்வளவே. ஏர் ஃபிரையரின் கூடையில் ஒரு சொட்டுப் பாகும் படுவதில்லை. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறினால் பஞ்சுத் துணியிலேயே சுத்தமாகிவிடுகிறது. இந்த வேலைக்கு நான் எடுப்பது அதே பழைய இரும்புக் கடாயைத்தான். தோற்ற கடாய்க்குக் கிடைத்த ஆறுதல் பரிசு என்று மனைவி கேலி செய்கிறாள்.

கடாயை இன்றும் விட முடியாத இடங்கள் இரண்டு. ஒன்று, தோலில்லாத நெஞ்சுக்கறி. தோல் இல்லையென்றால் ஏர் ஃபிரையருக்குப் பிடிமானமே இல்லை, வெளியே வறண்டு உள்ளே நாராகிவிடும். மற்றொன்று, கூட்டம். நாலு லிட்டர் கூடையில் ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் வைத்தால் துண்டுகள் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வெந்து தோல் தொளதொளத்துப் போகும். ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ என்றால் மூன்று தடவை, ஒரு மணி நேரத்துக்கு மேல். பெரிய ஓவன் வகைக் கருவியில் இந்தக் குறை இருக்காது என்கிறார்கள். உறவினர் வீட்டில் இரண்டு முறை மட்டுமே அதில் சமைத்திருக்கிறேன், மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே சீராகச் சிவக்கவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் கருவிக்கும் வயது இரண்டுதான். ஐந்தாம் ஆண்டில் அதன் விசிறி எப்படி இருக்கும் என்பதற்கு நான் உறுதி தர முடியாது, கடாய்க்கோ அம்மாவின் திருமணத்தன்று வந்தது என்ற சான்று இருக்கிறது.

சென்ற தீபாவளிக்கு மைத்துனர் குடும்பம் வந்தபோது ஒன்பது பேர். முதல் தடவைக் கோழியைப் பாகில் புரட்டிப் பரிமாறிவிட்டு, அடுத்த தடவைக்குக் கூடையை உள்ளே தள்ளித் திரும்பிப் பார்த்தால் தட்டில் எலும்புகள்தான் இருந்தன. இருபத்திரண்டு நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ப் புட்டியைத் தேடி எடுத்துக் கடாயில் ஊற்றினேன்.