கேட் புஷ் பாட்டோட 15 வருஷம்: என் அனுபவம்

2022ல ஒரு வெப் சீரிஸ்ல இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ்ஷோட "ரன்னிங் அப் தட் ஹில்" வந்ததும், 1985ல 3ஆம் இடத்தோட நின்னு போன பாட்டு 37 வருஷம் கழிச்சு இங்கிலாந்துல நம்பர் ஒன் ஆச்சு. அதுலேர்ந்து "இவங்கள எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கிறது"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. நான் 15 வருஷமா விடாம கேக்குறேன், அதான் எழுதுறேன்.

முதல் பாட்டு "வதரிங் ஹைட்ஸ்"ல ஆரம்பிக்காதீங்க, அந்த உச்சஸ்தாயி குரல் பழக எனக்கே ஒரு மாசம் ஆச்சு. ஆனா அத எழுதுறப்ப அவங்களுக்கு 18 வயசு, ரெக்கார்ட் கம்பெனி வேற பாட்டத்தான் முதல்ல விடணும்னுச்சு, இவங்க இதுதான்னு பிடிவாதமா நின்னாங்க, 1978ல நாலு வாரம் நம்பர் ஒன். தானே எழுதின பாட்டுல இங்கிலாந்துல முதலிடம் பிடிச்ச முதல் பெண் இவங்கதான்.

நான் ஆரம்பிக்கச் சொல்றது "ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்" ஆல்பம். அப்பா அம்மா வீட்டுப் பக்கத்துல இருந்த கொட்டகையிலேயே சொந்தமா ஸ்டுடியோ கட்டிக்கிட்டாங்க, மணிக்கணக்குக்கு வாடகை ஏறுதேங்கிற பதட்டமில்லாம நிதானமா செஞ்ச ஆல்பம், கேக்குறப்பவே அது தெரியும். இசைத்தட்டோட ரெண்டாவது பக்கம் ஏழு பாட்டும் ஒரே கதை: ராத்திரி நடுக்கடல்ல லைஃப் ஜாக்கெட்டோட மிதக்குற ஒரு பொண்ணு, தூங்கிட்டா போச்சு. ஒரு பாட்டுல ஆவி மாதிரி வீட்டுக்கு வர்றா, உள்ள இருக்கிறவங்க அவள எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க, இவ பேசுறது மட்டும் யார் காதுலயும் விழல. அந்த இடத்துல எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். நான் வச்சிருந்த ஆப்ல காசு கட்டலன்னா பாட்ட கலைச்சுப் போட்டுத்தான் ஓட்டும், கதையே சிதைஞ்சு போச்சு, அப்புறம்தான் சிடி வாங்கினேன். வரிசையா கேளுங்க, தயவுசெஞ்சு.

மேடைல பாத்துடலாம்னு நெனச்சா கஷ்டம். 1979ல ஒரே ஒரு டூர், கை ரெண்டும் ஃப்ரீயா ஆடணும்னு கோட் ஹேங்கர் கம்பிய வளைச்சு தலைல மாட்டுற மைக் செஞ்சு பாடினாங்க. அடுத்து 2014ல லண்டன்ல 22 ஷோ, நடுவுல 35 வருஷம். அதுல அந்தக் கடல் கதைய முழுசா நடத்தினாங்க, 2016ல வந்த அந்த ரெக்கார்டிங் கண்டிப்பா கேக்கணும்.

1993ல வந்த "ரெட் ஷூஸ்" எனக்கு இன்னும் ஒட்டல. அதுக்கப்புறம் 12 வருஷம் ஆல்பமே இல்ல, அவங்களுக்குப் பையன் பொறந்தான், 2005ல "ஏரியல்"னு ரெண்டு சிடி. அதுல துணி துவைக்கிற ஒரு பொம்பளயப் பத்தி ஒரு பாட்டு, வெறும் பியானோ, வாஷிங் மெஷின் சுத்துறதையே பாத்துட்டு இருக்கா, வெளிய யாரோ நிக்கிறாங்கன்னு பாத்தா கொடில தொங்குற சட்டை காத்துல கைய ஆட்டுது. ஆரம்பத்துல இத தள்ளி விட்டுட்டுத்தான் அடுத்த பாட்டுக்குப் போவேன். அப்பா போனப்புறம் அவர் சட்டைய அம்மா துவைச்சு மாடில காயப் போட்டிருந்தாங்க, சாயங்காலம் எடுக்கப் போனவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டேன். அன்னிக்கு ராத்திரி அந்தப் பாட்ட நாலு தடவ கேட்டேன்.