நாயோடு குடும்பப் படம்: ஸ்டுடியோவா, தோட்டமா?

கோயமுத்தூர்ப் பக்கம் குடும்பப் படத்தில் நாயையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. நகரத்து ஸ்டுடியோ, இல்லையென்றால் ஊரில் இருக்கிற தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு.

ஸ்டுடியோவில் வெளிச்சம் போட்டோகிராபர் கையில். ஃபிளாஷ் கண நேரமே மின்னுவதால் நாய் தலையை ஆட்டினாலும் படம் கலங்காது, கறுப்பு நாய்க்குப் பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்தால் முடியின் மினுமினுப்பும் தெரியும். ஆனால் வழுக்குகிற தரை, பழகாத ஆட்கள், முன்னால் வந்துபோன நாய்களின் வாசனை எல்லாம் சேர்ந்து உங்கள் நாய் காதை மடக்கி வாலை இடுக்கிக்கொண்டு நின்றால், அந்த முகத்தை எந்த எடிட்டிங்கும் மாற்றாது. பூனையை அங்கே தூக்கிப்போகவே வேண்டாம்.

தோட்டத்தில் நாய் அதன் ராஜ்ஜியத்தில் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே எடுத்துவிடணும், உச்சிவெயிலில் எல்லார் கண்ணும் சுருங்கும். துள்ளுகிற நாய் கலங்காமல் விழ ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், நொடியில் 500-ல் ஒரு பங்கோ அதைவிடக் குறைவாகவோ வேண்டும், கேமராவும் அதன் கண் மட்டத்துக்கு இறங்கணும். அப்புறம், காங்கேயம் மாட்டை எந்த ஸ்டுடியோவுக்குள் ஏற்றுவீர்கள்? கன்று பிறக்கும்போது செம்பழுப்பு, ஆறு மாதம் வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், அந்தச் சிவப்பு படத்தில் வேண்டுமென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

என் ஓட்டு தோட்டத்துக்குத்தான். காரில் ஏறிப் பழகிய, ஆட்களைக் கண்டு மிரளாத நாய் என்றால் மட்டும் ஸ்டுடியோ சரி.