சுவரா, செல்லா? குமுளிப் பக்கம் பஸ் நேரம் பார்க்கும் வழிகள்

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. தமிழ்நாட்டு பஸ் பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். இறங்கி, செக்போஸ்ட்டைக் கடந்து நடந்து, கேரள ஸ்டாண்டில் கட்டப்பனைக்கோ கோட்டயத்துக்கோ வேறு வண்டி ஏற வேண்டும். ஆக, இந்த வழியில் போகிறவருக்கு இரண்டு பஸ்களின் நேரம் தெரிய வேண்டும். இரண்டும் இரண்டு அரசின் கையில். பலகைகளின் எழுத்தும் வேறு. அச்சில் வந்த அட்டவணையா, இணையமா என்று சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

முதலில் சுவர். ஸ்டாண்டுகளில் ‘உபயம்: இன்ன ஜவுளிக்கடை’ என்று கொட்டை எழுத்திலும் பஸ் நேரம் அதற்குக் கீழே பொடி எழுத்திலும் எழுதியிருக்குமே, அதைச் சொல்கிறேன். பெயின்ட் உரிந்த பிறகு அதை மறுபடி எழுத ஆள் வருவது குறைந்துவிட்டது. கடைகளில் தொங்கிய அச்சடித்த கால அட்டவணையும், சட்டைப்பையில் அடங்கும் சின்னப் புத்தகமும் அநேகமாகக் காணாமல் போய்விட்டன. ஆனாலும் சுவருக்கு இருக்கும் ஒரு பலம் இன்றுவரை எந்தச் செயலிக்கும் வரவில்லை. அது உங்களிடம் எதையும் கேட்காது. எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி என்ற கேள்வியெல்லாம் கிடையாது. நிமிர்ந்து பார்த்தால் அந்த ஊரின் முழு நாளும் தெரியும். 4.10-ஐ விட்டால் 4.35 இருக்கிறது, அதற்கப்புறம் ஆறு மணி வரை ஒன்றும் இல்லை என்பது ஒரே பார்வையில் பிடிபடும். அந்த இடைவெளிதான் முக்கியம். ஒரு டீ குடிக்கலாமா, ஓட வேண்டுமா என்று அதை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்.

தாமஸ் குக் நிறுவனத்தின் ஐரோப்பிய ரயில் கால அட்டவணை 1873-இல் தொடங்கி 2013-இல் நின்றுபோனது. மறு வருடமே வேறொரு சிறிய நிறுவனம் அதைத் திரும்ப அச்சிடத் தொடங்கியது. ரயில் நேரமெல்லாம் இணையத்தில் சும்மா கிடைக்கும் நாடுகளில், காசு கொடுத்து அதை வாங்க ஆள் இருந்தது. காரணம் இதே முழுப் பார்வைதான் என்று நினைக்கிறேன்.

சுவரின் கெட்ட குணம், அதில் தேதி இருக்காது. எழுதியது போன வருடமா, பத்து வருடத்துக்கு முன்பா என்று பெயின்ட்டின் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். கொரோனா வந்த 2020 மார்ச்சில் இரு மாநிலங்களுக்கு இடையிலான பஸ்கள் நின்றன; 2021 டிசம்பரில்தான் திரும்ப ஓடின. எந்தச் சுவரும் அதைச் சொல்லியிருக்காது. சபரிமலை சீசனில் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடும்போது, பஸ்ஸின் ஒரு மணி நேர நடை (ட்ரிப்) ஒன்றரை மணி நேரம் ஆனாலும் பலகையில் அதே எண்தான். கேரள ஸ்டாண்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. மலையாளம் படிக்கத் தெரியாத தமிழருக்கு 5.40 என்பது மட்டும் நன்றாகப் புரியும். அது எங்கே போகிற 5.40 என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும்.

அடுத்து, அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் முன்பதிவுத் தளங்கள். இரண்டு மாநிலத்துக்கும் இருக்கின்றன. திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ இரவு வண்டியில் இடம் பிடிக்க வேண்டுமா, இதை விட்டால் வேறில்லை. சுவரெல்லாம் கிட்டவே வர முடியாது. ஆனால் இதைக் கால அட்டவணை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது சீட்டு விற்கும் கவுன்ட்டர். முன்பதிவு இல்லாத பஸ் அதன் கணக்கில் பஸ்ஸே இல்லை. கம்பத்திலிருந்து கட்டப்பனைக்குத் தேடினால் நேரடி வண்டி மட்டும்தான் வரும். குமுளியில் இறங்கி மாறலாம் என்ற யோசனையை அது சொல்லாது. விடியலில் கிளம்பும் டவுன் பஸ், எஸ்டேட் ஊர்களுக்குப் போகும் ஆர்டினரி, இடுக்கி மலைகளில் ஓடும் தனியார் பஸ் என்று இந்தப் பக்கத்து ஜனம் தினமும் ஏறும் வண்டிகளில் பெரும்பகுதி அதில் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவதற்குக் கூலி, தோட்டத்தின் தூரம் என்று பல காரணம் இருக்கலாம். நம்பி நிற்கும்படியான பஸ் நேரம் இல்லாததும் அதில் ஒன்று.

கூகுள் மேப்பை நம்பலாமே என்பார்கள். அது தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. பஸ் நடத்துகிறவர்கள் நேரங்களை அதற்கென்று உள்ள வடிவத்தில் கோப்பாகக் கொடுக்க வேண்டும். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் அப்படிக் கொடுத்ததில்தான் இந்த ஏற்பாடு தொடங்கியது. கொச்சி மெட்ரோ மாதிரி ஒரே நிர்வாகம் இருக்கும் இடத்தில் இது சரி. இரண்டு அரசுக் கழகமும் எத்தனையோ தனியார் முதலாளிகளும் ஓட்டும் ஒரு மலைப்பாதைக்கு யார் கோப்பு கொடுப்பது? சென்னையில் 2022-இல் வந்த செயலியில் மாநகர பஸ் எங்கே வருகிறது என்று நேரலையாகவே பார்க்கலாம். அந்த வசதியை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். பஸ் வருமா வராதா என்ற கேள்விக்கு எந்த அச்சும் பதில் சொன்னதில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் ஊருக்குத்தான் அது முதலில் வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வரும் ஊருக்கு அல்லவா அது அவசரம்!

ரயில்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ செயலி, கால அட்டவணையைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நெட் இல்லாதபோதும் செல்போன் கோபுரங்களை வைத்து வண்டி எங்கே என்று சொல்லிவிடும். மலை வளைவில் சிக்னல் விட்டு விட்டு வரும் எங்கள் பாதைக்கு வேண்டியது அந்த மாதிரி ஒன்றுதான். 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பி வந்துவிட்டது. அதன் நேரம் போனில் துல்லியமாக இருக்கிறது. இறங்கிய பிறகு மேட்டுக்கு ஏறும் பஸ் எத்தனை மணிக்கு என்பதற்கு ஆட்டோக்காரரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் “இப்போதைக்கு பஸ் இல்லீங்க” என்றுதான் சொல்வார்.

இப்போது நடைமுறையில் ஜெயிப்பது நான்காவது ஒன்று: வாட்ஸ்ஆப் படம். யாரோ ஸ்டாண்டுச் சுவரையோ டைம் கீப்பர் அறையில் ஒட்டிய தாளையோ போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறார்கள். கேரளப் பக்கம் ‘ஆனவண்டி’ (அந்த அரசு பஸ்ஸின் செல்லப் பெயர்) ரசிகர்கள் டெப்போ வாரியாக நேரங்களைத் திரட்டி இணையத்தில் போடுவதும் இதே வகைத் தொண்டுதான். முழு நாளும் ஒரே படத்தில், நெட் இல்லாமலும் திறக்கும். சுவரின் பலம் மொத்தமும் அப்படியே வந்துவிடுகிறது. கூடவே தேதி இல்லாத நோயும் வருகிறது. படம் எடுத்த நாளை மேலே எழுதிப் போட்டால் பாதிக் குறை தீரும், யாரும் செய்வதில்லை.

இவ்வளவும் ரகசியத் தகவல் அல்ல என்பதுதான் எரிச்சல். பஸ் பெர்மிட்டில் நேரமும் சேர்ந்தே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, அங்கீகரித்த கால அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்று பெர்மிட்டில் நிபந்தனை போட இடம் தருகிறது. தனியார் பஸ்ஸின் நேரம் நிமிடக் கணக்கில் அலுவலகக் கோப்பில் கிடக்கிறது. முன்னால் போகிற வண்டி மூன்று நிமிடம் தாமதித்தால் பின்னால் வருகிறவர் சண்டைக்கு நிற்பது அந்தத் தாளை வைத்துத்தான். அதை ஸ்கேன் செய்து ஊர்வாரியாக இணையத்தில் போட்டாலே போதும், செயலி எல்லாம் அப்புறம் வரட்டும்.

அதுவரை நான் செய்வது இப்படி: தூரப் பயணத்துக்கு முன்பதிவுத் தளம், பகல் பஸ்ஸுக்கு வாட்ஸ்ஆப் படம், விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு முந்தின நாளே டைம் கீப்பரிடம் ஒரு வார்த்தை. கடைசி பஸ்ஸுக்கு மட்டும் சுவர், செல் இரண்டையும் நம்புவதில்லை. மேலே ஏறும்போதே கண்டக்டரிடம், “அண்ணே, திரும்ப எப்போ கீழ இறங்குவீங்க?” என்று கேட்டுக்கொள்வேன். மேலே போன வண்டிதான் கீழே வந்தாக வேண்டும், அந்த நடை கட் ஆகுமா ஆகாதா என்பது அவருக்குத்தான் தெரியும்.